கடற்கரை விடுமுறையில் பூச்சிக்கடி: தவிர்க்கும் வழியும் தணிக்கும் வழியும்

வெப்பமண்டலக் கடற்கரையில் பொழுது சாயும் வேளையில் சிறிது நேரம் காற்று நின்றுவிடும். பகலெல்லாம் கடலிலிருந்து வீசிய காற்று அடங்கி, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் இரவுக் காற்று இன்னும் தொடங்காத இடைவேளை அது. ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்க எல்லோரும் விரும்பும் நேரமும் அதுதான். அப்போது கணுக்காலில் ஊசிமுனை பட்டதுபோல் சுருக்கென்று ஏதோ குத்தும். குனிந்து பார்த்தால் எதுவும் தென்படாது. மீண்டும் ஒருமுறை குத்தும். வெள்ளைத் துண்டு ஒன்றைக் காலருகே விரித்து உற்றுப் பார்த்தால்தான், மிளகைப் பொடித்துத் தூவியதுபோலச் சில கரும்புள்ளிகள் அதன்மேல் நகர்வது தெரியும்.

பூச்சிக்கடியைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் எந்தக் களிம்பு சிறந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. நான் கடிகாரத்திலிருந்தும் காற்றிலிருந்தும் தொடங்குகிறேன். ஏனெனில் எந்த நேரத்தில் எது கடிக்கும் என்று தெரியாதவருக்குக் கையில் இருக்கும் நல்ல மருந்தும் பாதிப் பயனைத்தான் தரும். ஒருமுறை நானே, தரமான பூச்சி விரட்டியைக் கைகளிலும் கழுத்திலும் தாராளமாகப் பூசிக்கொண்டு, செருப்பு வார்களுக்கு இடையே தெரியும் பாதத்தை மட்டும் மறந்துவிட்டு, மாலை முழுவதும் மணலில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் வார் மூடியிருந்த பகுதி அச்சுப் பதித்ததுபோல் தெளிவாக இருக்க, அதன் இருபுறமும் சிவந்த தடிப்புகள் நெருக்கமாக எழும்பியிருந்தன. அவை முழுவதும் அடங்கப் பத்து நாள் பிடித்தது.

எது, எப்போது கடிக்கிறது

அந்தக் கரும்புள்ளிகளை மணல் ஈ என்றும் மணல் கொசு என்றும் பலவாறாக அழைக்கிறார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள இவை கொசுவுக்குத் தூரத்து உறவுடையவை. கொசு தன் ஊசி போன்ற உறுப்பைச் செருகி இரத்தத்தை உறிஞ்சுகிறது. இவையோ தோலைச் சிறிதாக வெட்டி, கசிந்து தேங்கும் இரத்தத்தை நக்கிக் குடிக்கின்றன. கடித்த அன்று சிறு புள்ளியாகத் தெரிவது மறுநாள்தான் பெரிதாகத் தடித்து அரிக்கத் தொடங்கும். அந்த அரிப்பு ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிப்பதும் உண்டு. அலையாத்திக் காட்டுச் சேறு, உப்பங்கழியின் ஓரம், ஓதம் ஏறி இறங்கும் ஈர மணல் ஆகியவை இவை பெருகும் இடங்கள். விடியற்காலையும் அந்திப் பொழுதும் இவற்றுக்கு உகந்த வேளைகள். சில கரைகளில் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இவற்றின் எண்ணிக்கை கண்கூடாகக் கூடும். வலிமையான சிறகுகள் இல்லாததால் காற்று வீசும்போது இவற்றால் பறக்க இயலாது. எனவே துண்டு பறக்கும் அளவுக்குக் காற்று அடிக்கும் வெட்டவெளிக் கரையில் நிம்மதியாக உட்காரலாம். அதே கரையில் பாறை மறைவிலோ புதர் ஓரத்திலோ உட்கார்ந்தால் கடி நிச்சயம்.

கொசுக்களின் கால அட்டவணை வேறு. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகிய நோய்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையில் வெயில் ஏறும் முன்பும், மாலையில் இருட்டுவதற்கு முந்தைய சில மணி நேரத்திலும் அது மிகுந்த சுறுசுறுப்புடன் இருக்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். ஆகவே, கொசு என்றால் இரவு என்று எண்ணிக் காலை உணவின்போது பாதுகாப்பின்றி நிழலில் உட்காருவது டெங்குப் பகுதிகளில் பெரிய பிழை. கொசுக்களில் பெண் மட்டுமே கடிக்கிறது. முட்டை வளர்வதற்கு வேண்டிய புரதத்துக்காக அது இரத்தத்தைத் தேடுகிறது. நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவும், உடல் சூடும், வியர்வையின் மணமும் அதற்கு வழிகாட்டுகின்றன. நீந்திவிட்டும் விளையாடிவிட்டும் வேர்த்து, மூச்சு வாங்க நிழலுக்கு வருபவரைக் கொசு முதலில் நாடுவது இதனால்தான்.

பகல் வெயிலில் கணுக்காலையே குறிவைத்துக் கடிக்கும், வீட்டு ஈயைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு வகை ஈயும் உண்டு. அதன் கடி சுள்ளென்று வலிக்கும். கரையொதுங்கி அழுகும் கடற்பாசிக் குவியல்களில் அது பெருகுவதால், அவற்றிலிருந்து விலகி இடம் பிடிப்பதே அதற்கான முதல் தீர்வு. அதைவிடப் பெரிய குதிரை ஈ தோலை அறுத்தே கடிக்கும். கருநிறமுள்ள, அசையும் பொருட்களை அது தேடி வரும். இந்த இரண்டு ஈக்களிடமும் பூசும் மருந்துகள் அவ்வளவாகச் செல்லாது. துணியால் மூடிக்கொள்வதுதான் பலனளிக்கும்.

வீண் பழி சுமக்கும் உயிர் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கடற்பாசியைப் புரட்டினால் துள்ளிக் குதிக்கும் சிறு மணல்துள்ளிகள் இறால் இனத்துக்கு உறவானவை. அவை மனிதரின் இரத்தத்தைக் குடிப்பதில்லை. ஆனால் தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள், சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் வாழும் உண்மையான மணல் தெள்ளு ஒன்று உண்டு. அதன் பெண் தெள்ளு பாதத் தோலுக்குள், பெரும்பாலும் கால்விரல் நகத்தின் ஓரத்தில், புகுந்து தங்கிவிடும். நடுவில் கரும்புள்ளியுடன் வெளுத்த சிறு கட்டி தோன்றினால் அதைக் குண்டூசியால் நோண்டாமல் மருத்துவப் பணியாளரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும். அந்தப் பகுதிகளில், கடல் அலை எட்டாத உலர்ந்த மணலில் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது.

அறையும் இடமும்

முன்பதிவு செய்யும்போது வரைபடத்தைப் பெரிதாக்கி, தங்குமிடத்தின் பின்புறத்தில் கழிமுகமோ, அலையாத்திக் காடோ, தேங்கிய உப்பு நீரோ இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அழகிய படத்தில் கடலை நோக்கிய முகப்பு மட்டுமே தெரியும். கடி வருவதோ பின்புறத்திலிருந்து. இரண்டு இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், காற்றைத் தடுக்கும் வளைந்த விரிகுடாவைவிடக் காற்று நேராக அடிக்கும் திறந்த கரையை நான் தேர்ந்தெடுப்பேன்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் தரையிலோ கட்டிலிலோ வைக்காமல் குளியலறைத் தளத்தில் வைத்துவிட்டு, மெத்தையின் மூலையைத் தூக்கித் தையல் ஓரங்களைக் கைபேசி விளக்கில் பாருங்கள். மை தெளித்ததுபோன்ற கரும்புள்ளிகளோ, மூட்டைப்பூச்சியின் உரித்த தோலோ இருந்தால் வேறு அறை கேட்பதில் தயக்கம் வேண்டாம். அடுத்து, ஜன்னல் வலையில் கிழிசல் உள்ளதா, பால்கனியில் உள்ள பூந்தொட்டித் தட்டில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு சிரட்டை நீரே போதும். அந்த முட்டைகள் நீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

மின்விசிறி மலிவான, மருந்தில்லாத, குழந்தைக்கும் ஊறு செய்யாத பாதுகாப்பு. கொசுவும் மணல் ஈயும் காற்றோட்டத்தை எதிர்த்துப் பறக்கத் திணறுவதோடு, நம் மூச்சும் மணமும் கலைந்துபோவதால் அவற்றுக்கு இருப்பிடமும் புலப்படாமல் போகிறது. மேசையடியில் கால்களை நோக்கி ஒரு சிறிய விசிறியை வைத்தால், மாலையில் வெளியே அமர்ந்து உண்பவருக்கு அதுவே அரைப் பாதுகாப்பு. கொசுவலையைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கம் உண்டு: கொசுவைத் தடுக்கும் வழக்கமான வலையின் துளை வழியாக மணல் ஈ எளிதாக நுழைந்துவிடும். அவை மிகுந்த இடத்துக்குச் செல்பவர், துளை ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவாக உள்ள நெருக்கமான வலையையோ, மருந்தேற்றிய வலையையோ கொண்டுசெல்ல வேண்டும். வலையின் விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகுவதும், தூங்கும்போது முழங்கையோ பாதமோ வலையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். ஒட்டினால் கொசு வலைக்கு வெளியே இருந்தபடியே கடித்துவிடும்.

பூச்சி விரட்டியைத் தேர்ந்தெடுத்தலும் பூசுதலும்

புட்டியின் முன்பக்கத்தில் உள்ள படத்தையும் வாசகத்தையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள். டீட், ஐகாரிடின் (பிகாரிடின் என்றும் எழுதப்படும்), ஐஆர்3535 ஆகிய மூன்றில் ஒன்று அங்கே இருக்க வேண்டும். இவற்றுள் மூத்தது டீட். அமெரிக்க ராணுவம் 1946 முதல் பயன்படுத்திய இது, 1957 முதல் பொதுமக்களுக்கும் கிடைத்து வருகிறது. புட்டியில் காணும் விழுக்காடு மருந்தின் வீரியத்தைக் காட்டுவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது எவ்வளவு நேரம் காக்கும் என்பதையே காட்டுகிறது. 10 விழுக்காடு டீட் ஏறத்தாழ 2 மணி நேரமும், 20 முதல் 30 விழுக்காடு வரையுள்ளது ஏறத்தாழ 5 மணி நேரமும் காக்கும். 50 விழுக்காட்டுக்கு மேல் போனால் நேரம் குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூடுவதில்லை. தோல் எரிச்சலுக்கான வாய்ப்புத்தான் கூடும்.

கடற்கரைக்கு என்று கேட்டால் நான் 20 விழுக்காடு ஐகாரிடினையே பரிந்துரைப்பேன். காக்கும் நேரத்தில் அது டீட்டுக்குக் குறைந்ததல்ல. பிசுபிசுப்பும் மணமும் குறைவு. அதைவிடவும் முக்கியமாக, டீட் நெகிழியைக் கரைக்கும். குளிர்கண்ணாடியின் சட்டம், கைக்கடிகாரத்தின் நெகிழி முகப்பு, ரேயான் துணி, நீச்சலுடையில் உள்ள ஸ்பான்டெக்ஸ், நகப்பூச்சு ஆகியவை அதன் கைவரிசைக்கு இலக்காகும். டீட் பூசிய கையோடு கைபேசி உறையைப் பிடித்தால் விரல்ரேகை அதில் நிரந்தரமாகப் பதிந்துவிடுவதும் நடக்கும். பருத்திக்கும் கம்பளிக்கும் நைலானுக்கும் அதனால் கேடில்லை.

தாவரப் பொருளே வேண்டும் என்போருக்கு எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸிலிருந்து பெறப்படும் பிஎம்டி என்ற பொருள் உள்ளது; அதை 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக் கூடாது. வெறும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் சிட்ரொனெல்லா எண்ணெயும் மணக்கும் அளவுக்குக் காப்பதில்லை; பல நேரங்களில் அரை மணிக்குள் அவற்றின் ஆற்றல் ஆவியாகிவிடுகிறது. டீட்டை 2 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்தக் குழந்தைக்கு முழுக்கை ஆடையும், தொட்டில் மேல் வலையும், விசிறியும்தான் பாதுகாப்பு. கருவுற்ற பெண்கள் அறிவுறுத்தலின்படி டீட்டையும் ஐகாரிடினையும் பயன்படுத்தலாம். ஜிகா பரவும் இடங்களில் அவர்கள் கட்டாயம் பயன்படுத்தவும் வேண்டும்.

பூசும் வரிசையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதலில் வெயில் தடுப்புக் களிம்பைப் பூசி, அது தோலில் படிந்து உலர 15 முதல் 20 நிமிடம் விட்டு, அதன்மேல் பூச்சி விரட்டியைப் பூச வேண்டும். டீட் களிம்பின் வெயில் தடுப்பு ஆற்றலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுவதால், எஸ்பிஎஃப் எண் (வெயில் தடுப்பு ஆற்றலைக் காட்டும் எண்) கூடுதலாக உள்ள களிம்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டும் கலந்து ஒரே புட்டியில் விற்கப்படுவதை நான் வாங்குவதில்லை. ஏனெனில் வெயில் தடுப்பை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், பூச்சி விரட்டியை அத்தனை முறை பூசத் தேவையில்லை. கடலில் இறங்கி எழுந்தால் இரண்டையுமே அதே வரிசையில் மீண்டும் பூச வேண்டும்.

பூச்சி விரட்டி பூசிய பரப்பை மட்டுமே காக்கும். இரண்டு விரல் தள்ளி விட்டுப்போன இடத்தைப் பூச்சி கண்டுபிடித்துவிடும். வாசனைத் தைலம் போல ஓரிரு துளி தெளித்துக்கொள்வது பயன் தராது. உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, தோல் முழுவதும் மெல்லிய ஈரப்பளபளப்புத் தெரியும்படி தடவ வேண்டும். காதுக்குப் பின்புறம், பிடரி, முழங்காலின் மடிப்பு, குதிகாலுக்கு மேலே உள்ள பள்ளம், கால்விரல்களின் மேற்புறம், உட்காரும்போது சட்டை மேலேறித் தெரியும் இடுப்பு ஆகியவையே வழக்கமாக விடுபடுபவை. முகத்தில் நேரடியாகத் தெளிக்காமல் கையில் எடுத்துக் கண், வாய் நீங்கலாகத் தடவவும். குழந்தைக்குப் பெரியவரே பூசிவிட வேண்டும்; குழந்தையின் கைகளில் பூசினால் அது நேரே வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும். ஆடைக்குள் மறையும் தோலிலும், வெட்டுக்காயத்திலும், வெயிலில் வெந்த தோலிலும் பூசக் கூடாது. அறைக்குத் திரும்பி இனி வெளியே போவதில்லை என்றால் சோப்பால் கழுவிவிடலாம்.

உடை

தளர்வான முழுக்கைச் சட்டையும், கணுக்கால் வரை நீளும் மெல்லிய பருத்தி அல்லது லினன் காற்சட்டையும் அந்தி நேரத்துக்குப் போதும். உடலோடு ஒட்டிய துணியின் நெசவு வழியாகக் கொசு கடித்துவிடும் என்பதால் தளர்ச்சி முக்கியம். நிறத்துக்கும் பங்கு உண்டு: 2022-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, கரியமில வாயுவை மோப்பம் பிடித்த ஏடிஸ் கொசு சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு ஆகியவற்றை நோக்கிப் பறந்தது, வெள்ளை, பச்சை, ஊதா ஆகியவற்றைப் பொருட்படுத்தவில்லை. துணிக்கு 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து நன்றாக உலரவிட்டால், பல சலவைகள் வரை பூச்சி அதில் அமர்ந்ததும் செயலிழக்கும். இதைத் தோலில் பூசக் கூடாது. உடுத்தியிருக்கும்போதே தெளிக்கவும் கூடாது. ஈரமாக உள்ள பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் நஞ்சு என்பதால் பூனை உள்ள வீட்டில் அதைத் தெளிக்காமல் இருப்பதும், தெளித்த பாத்திரத்தைக் கடலோரத்தில் கழுவாமல் இருப்பதும் அவசியம்.

மணிக்கட்டில் கட்டும் மணப்பட்டை, காதுக்குக் கேளாத ஒலி எழுப்பும் கருவி, பி வைட்டமின் மாத்திரை, பூண்டு ஆகிய நான்குக்கும் செலவிடும் பணத்தில் இன்னொரு புட்டி விரட்டி வாங்கிக்கொள்ளலாம். நீல ஒளி விளக்கில் பொரிந்து விழுபவை பெரும்பாலும் நம்மைக் கடிக்காத பூச்சிகளே. கொசுவர்த்திச் சுருள் திறந்த வெளியில் ஓரளவுக்கு உதவும். மூடிய அறையில் அதன் புகையை இரவு முழுவதும் சுவாசிப்பது நல்லதல்ல.

கடித்த பின்

பூச்சி தன் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகிறது. இரத்தம் உறையாமல் இருப்பதற்கான புரதங்கள் அதில் உள்ளன. நம் உடல் அந்த அந்நியப் புரதங்களை எதிர்த்து ஹிஸ்டமினை வெளியிடுகிறது. அரிப்பும் சிவப்பும் வீக்கமும் அதன் விளைவு. சொறிந்தால் ஒரு நிமிடம் இதமாக இருக்கும். ஆனால் சொறியும் நகம் தோலை மேலும் புண்படுத்தி அழற்சியைக் கூட்டுவதால் அரிப்பு இருமடங்காகத் திரும்பி வரும். நகத்தால் கடிவாய்மேல் குறுக்காகக் கீறிப் பெருக்கல் குறி போடும் பழக்கமும் சொறிதலின் இன்னொரு வடிவமே. ஆகவே செய்வது எல்லாம் அந்த முதல் சொறிதலைத் தள்ளிப்போடுவதற்காகவே.

முதலில் சோப்பும் நல்ல நீரும் கொண்டு கழுவி, மணலும் உப்பும் போக ஒற்றித் துடைக்க வேண்டும். பிறகு பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கவும். குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைப்பதோடு, அரிப்பை உணர்த்தும் நரம்புகளையும் மந்தப்படுத்தும். பனிக்கட்டி கிடைக்காத இடத்தில் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டியே போதும். அதன்பின் கலமைன் லோஷனையோ, 1 விழுக்காடு ஹைட்ரோகார்டிசோன் களிம்பையோ கடிவாயில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம். ஹைட்ரோகார்டிசோனை நாளுக்கு இரண்டு முறைக்கு மேலோ, ஒரு வாரத்துக்கு மேலோ, முகத்திலோ, தோல் கிழிந்த இடத்திலோ மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது. சிறு குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும். கைவசம் எதுவும் இல்லையெனில், ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைச் சில துளி நீரில் குழைத்துப் பற்றுப் போட்டு 10 நிமிடத்தில் கழுவிவிடுவதும் அரிப்பை மட்டுப்படுத்தும்.

கடிகள் பலவாக இருந்து இரவுத் தூக்கம் கெடுமானால், ஹிஸ்டமினை எதிர்க்கும் மாத்திரை உதவும். பெரியவர்களுக்கு செட்ரிசின் 10 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று என்பது வழக்கமான அளவு. சிலருக்கு அது தூக்கக் கலக்கம் தரும் என்பதால் வண்டி ஓட்டுவோரும் கடலில் நீந்துவோரும் மாலையில் உட்கொள்வது நல்லது. வேறு மருந்து எடுப்பவர், கருவுற்றவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் ஆகியோர் மருந்தாளுநரைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். இதே வகை மருந்து களிம்பாகவும் விற்கப்படுகிறது. தோலில் அதைப் பூசுவதால் புதிய ஒவ்வாமை உண்டாகக்கூடும் என்பதால் மாத்திரையே மேல்.

கடற்கரையில் ஒரு கைவைத்தியத்தை மட்டும் அடித்துச் சொல்லித் தடுக்க வேண்டும். கடிவாயில் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருட்கள் சூரிய ஒளி பட்டதும் தோலைச் சுட்டுவிடும். ஓரிரு நாளில் தீக்காயம்போலக் கொப்புளம் எழும்பி, சாறு வழிந்த தடத்திலேயே கறுப்புக் கோடு மாதக்கணக்கில் நிற்கும். சில நாட்களில் தானாக மறைந்துவிடக்கூடிய தடிப்புக்காக அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. பற்பசை, சாம்பல், பெட்ரோல், கொதிநீரில் சூடேற்றிய கரண்டி ஆகியவையும் வேண்டாம்.

தேனீ கொட்டியிருந்தால் கொடுக்கு தோலில் நின்றுவிடும். அதன் நச்சுப்பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டிருப்பதால், நகத்தாலோ அட்டையின் ஓரத்தாலோ எப்படியாவது உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்று யோசிப்பதில் போகும் நொடிகள்தான் கெடுதல் செய்யும். குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை.

பூச்சிக்கடி போலத் தோன்றும் பிற

நீச்சலுடை மூடியிருந்த பகுதியில் மட்டும், நீரிலிருந்து எழுந்த சில மணி நேரத்தில் சிவந்த பொரிகள் தோன்றினால், அது பெரும்பாலும் துணிக்குள் சிக்கிய நுண்ணிய ஜெல்லிமீன் குஞ்சுகளின் வேலை. அந்த உடையோடு நல்ல நீரில் குளிப்பது நிலைமையை மோசமாக்கும். நல்ல நீர் பட்டதும் மீதமுள்ள கொட்டும் செல்களும் வெடிக்கும். முதலில் உடையைக் களைந்துவிட்டுப் பிறகு குளிக்க வேண்டும். உடையைச் சலவை செய்யாமல் மறுபடி அணியக் கூடாது.

பாதத்திலோ பிட்டத்திலோ நெளிந்து செல்லும் சிவந்த மெல்லிய கோடு, நாளுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் வரை நகர்ந்தால், அது நாய், பூனை ஆகியவற்றின் கழிவு கலந்த மணலிலிருந்து தோலுக்குள் புகுந்த கொக்கிப்புழுவின் இளம்புழு. களிம்பால் அது அடங்காது. மருத்துவர் தரும் புழு மருந்தால் எளிதில் குணமாகும். மணலில் நேரடியாகப் படுக்காமல் பாயோ துண்டோ விரித்துக்கொள்வது இதற்கான தடுப்பு.

மருத்துவரை நாட வேண்டியவை

கடித்த அல்லது கொட்டிய சில நிமிடங்களில் மூச்சுத்திணறல், உதடு, நாக்கு, தொண்டை வீக்கம், உடல் முழுவதும் தடிப்பு, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. அட்ரினலின் ஊசிப் பேனா இருந்தால் தொடையின் வெளிப்புறத்தில் உடனே செலுத்தி, அவசர ஊர்தியை அழைத்து, மூச்சுவிடச் சிரமம் இல்லாதபட்சத்தில் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை இதற்கு ஈடாகாது. முன்பு இத்தகைய ஒவ்வாமை ஏற்பட்டவர் அந்தப் பேனாவை அறையில் விட்டுவிட்டுக் கரைக்குப் போகக் கூடாது. கொதிக்கும் வெயிலிலும் அதைப் போட்டுவைக்கக் கூடாது.

தொற்றைக் கண்டறிய எளிய முறை ஒன்று உண்டு. கடிவாயைச் சுற்றியுள்ள சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளில் தெரியும் வீக்கம் பெரும்பாலும் ஒவ்வாமையே. அதற்குப் பிறகும் சிவப்பு கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, தொட்டால் சுட்டு வலித்தாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். சொறிந்து புண்ணானவர்கள் புண் மூடும் வரை கழிமுக நீரிலும் வெதுவெதுப்பான கடல்நீரிலும் இறங்காமல் இருப்பது நல்லது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது கட்டாயம், ஏனெனில் அந்த நீரிலுள்ள சில பாக்டீரியாக்கள் அவர்களுக்குக் கடுமையான தொற்றை உண்டாக்கும். வாரக்கணக்கில் ஆறாத, ஓரம் தடித்த வலியற்ற புண்ணும் காட்ட வேண்டியதே. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி பரவும் நாடுகளில் வேறொரு வகை மணல் ஈயின் கடியால் அது வரக்கூடும்.

காய்ச்சலைப் பற்றி இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொசு கடித்த 4 முதல் 10 நாளுக்குள் டெங்கு தலைகாட்டும். மலேரியா 7 நாளுக்கு முன் வருவது அரிது, ஆனால் மாதங்கள் கழித்தும் வரலாம். ஆகவே விடுமுறை முடிந்து வீடு திரும்பிய பிறகே பலருக்கு நோய் வெளிப்படுகிறது. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே எடுக்க வேண்டும்; ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். காய்ச்சல் இறங்கியதும் நோய் போய்விட்டதாக எண்ணிவிடக் கூடாது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், எழ முடியாத சோர்வு ஆகியவை அந்த நேரத்தில்தான் தோன்றும், அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலேரியா பரவும் இடத்துக்குப் போவோர் தடுப்பு மாத்திரையையும், மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டுக்குப் போவோர் தடுப்பூசியையும் புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே செல்லும்.

திரும்பி வந்த முதல் சில மாதங்களில் எந்தக் காய்ச்சலுக்காக மருத்துவரிடம் சென்றாலும், எந்த நாட்டில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையை அன்றே செய்வதா, சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று மூன்று நாள் பார்ப்பதா என்பதை அவர் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த ஒரு தகவலை வைத்துத்தான்.